வடக்கெல்லையில் யார்? நெடுந்தீவுச் சீதன உறுதிகளோடு எட்டு மாதம்

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன். 1921ஆம் ஆண்டுச் சீதன உறுதி (மகளுக்குச் சீதனமாகக் காணி எழுதிக்கொடுத்த பத்திரம்) ஒன்றின் மடிப்பில் யாரோ எப்போதோ செலோடேப் ஒட்டியிருந்தார்கள். அது பழுத்து, தேன் நிறமாகி, கடதாசியோடு கடதாசியாக ஒட்டிப்போயிருந்தது. சூடு காட்டினால் பசை இளகும் என்று எங்கோ பார்த்த ஞாபகத்தில் தலைமயிர் காயவைக்கும் டிரையரைப் பிடித்தேன். பசை இளகியது உண்மை. டேப்பை இழுத்தபோது கடதாசியின் மேல் தோலும் ஒன்றரை வரி எழுத்தும் அதோடு போய்விட்டன. போன வரி சாதாரண வரி இல்லை, எல்லை எழுதியிருந்த வரி. கிழக்கு ஒழுங்கை, தெற்கு இன்னார் காணி, மேற்கு இன்னார் வளவு எல்லாம் இருந்தன. வடக்கு என்ற இடத்தில் ‘பெண்சாதி’ என்ற சொல்லும், அதற்குப் பிறகு வந்த பெயரின் வால் ‘முத்து’வும்தான் மிச்சம். அன்னமுத்து, சின்னமுத்து, நாகமுத்து, தங்கமுத்து, எத்தனையோ முத்துகள்.

படம் எடுத்து வைக்காமல் டேப்பில் கை வைத்திருக்கிறேன். கணக்கு எழுதுவது என் தொழில், எதற்கும் பிரதி வைக்காமல் அசையமாட்டேன் என்று பெருமை பேசுகிறவள்.

சரி, கதையின் தொடக்கத்துக்கு வருகிறேன். அம்மாவின் ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவு. அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போதே குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் காணி கிடைத்துப் போய்விட்டது, அப்புறம் இடம்பெயர்வுகள், கடைசியில் வவுனியா. நான் பிறந்ததும் வளர்ந்ததும் தீவுக்கு வெளியே. போன தை மாதம் பெரியம்மாவின் பேத்தி கனடாவிலிருந்து ஒரு பள்ளிக்கூட வேலைக்காகக் ‘குடும்ப மரம்’ கேட்டாள், ஐந்து தலைமுறை வேண்டுமாம். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் முடியும் என்று நினைத்தேன். எட்டு மாதமாயிற்று. பிள்ளை பாவம், பாதி மரத்தைக் கொடுத்துப் புள்ளி வாங்கிவிட்டாள்.

எல்லோரும் செய்வதுபோல ஆண்வழியாகத்தான் தொடங்கினேன். மூன்றாம் தலைமுறையில் முட்டிக்கொண்டது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. தலைமுறைக்குத் தலைமுறை முன்பெயர் மாறிக்கொண்டே போகும். மாறினாலாவது பரவாயில்லை, மூத்த மகனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, பெயரைத் தாங்குகிறவன். அதனால் கந்தையா மகன் வேலுப்பிள்ளை, வேலுப்பிள்ளை மகன் கந்தையா, கந்தையா மகன் வேலுப்பிள்ளை என்று கிணற்றுத் துலா மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு பழைய ரசீதில் ‘வே. கந்தையா’ என்று இருந்தால் அது எந்தத் தலைமுறைக் கந்தையா என்பதைக் கடவுள்தான் சொல்லவேண்டும். இதற்குள் சித்தப்பன் வீட்டிலும் அதே தாத்தாவின் பெயரை வைத்திருப்பார்கள்.

பிறப்புச் சான்றிதழ்கள் ஓரளவு உதவின. இலங்கைச் சான்றிதழில் தாய் தகப்பன் விபரத்துக்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும், பூட்டனாருக்கும் ஒன்று. சின்ன வயதில் இது என்னத்துக்கு என்று யோசித்திருக்கிறேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் வழியாகப் பிறப்பை நிரூபிக்கச் சொன்னதன் தடம் அது. மலையகத்தில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கிய அதே சட்டத்தின் கூட்டில் என் பூட்டனின் பெயரைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியிருந்தது, ஒருமாதிரியாகத்தான் இருந்தது. அந்தக் கூட்டிலும் பெண்களுக்கு இடமில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அடுத்தது கல்வெட்டு. யாழ்ப்பாணத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: இது கல்லில் வெட்டியது இல்லை. ஒருவர் செத்து 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் புத்தகம். படம், தேவாரம், பிறகு யாராவது ஒரு புலவர் விருத்தத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். அழுகையைத் தாண்டிப்போனால் வம்சாவளி முழுக்க அதற்குள் இருக்கும், எதுகை மோனையோடு. நூலகம் இணையத்தளம் 2005இலிருந்து ஈழத்துப் பிரசுரங்களை எண்ணிமமாக்கி வருகிறது, அதில் நினைவு மலர்களும் இருக்கின்றன. எங்கள் ஆட்களுடையது ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் அயல் வீட்டார் ஒருவருடைய மலரில் எங்கள் பூட்டன் ‘மைத்துனர்’ என்று ஒரு வரியில் வந்துபோனார். அந்த ஒரு வரியிலிருந்து மூன்று பேரை மரத்தில் ஏற்றினேன்.

மரண அறிவித்தல்களையும் விடவில்லை. ‘நெடுந்தீவு மேற்கைப் பிறப்பிடமாகவும், வட்டக்கச்சியை வதிவிடமாகவும் கொண்ட... காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் சகோதரியும், இன்னாரின் மைத்துனியும்’ என்று ஒரே மூச்சில் போகும் அந்த வாக்கியத்தை நாம் வானொலியில் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனோம். உண்மையில் அது ஒரு அட்டவணை. ஒவ்வொரு ‘உம்’முக்கும் ஒரு நிரை போட்டு விரிதாளில் பிரித்தால் ஒரு அறிவித்தலில் இருபது, முப்பது பேர் கிடைப்பார்கள். வீட்டில் கத்தரித்து வைத்திருந்த 41 அறிவித்தல்களை இரண்டு வார இறுதியில் பிரித்தேன். 1985 மே 15 என்ற திகதி இரண்டு பெட்டிகளில் வந்து நின்றது. நெடுந்தீவாருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: குமுதினிப் படகில் தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த சனங்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்ட நாள். அன்றைக்கு அதோடு கணினியை மூடிவிட்டேன்.

இவ்வளவு செய்தும் 1900க்கு அந்தப் பக்கம் போக முடியவில்லை. அப்போதுதான் அம்மா, ‘உறுதிப் பையை ஏன் பார்க்கேல்லை?’ என்று கேட்டார்.

எந்த இடப்பெயர்விலும் எங்கள் வீட்டில் முதலில் தூக்குவது அந்தப் பையைத்தான். பிஸ்கட் தகரம் ஒன்று, அதைச் சுற்றி மூன்று ஷொப்பிங் பை. நகை போனாலும் உறுதி போகக்கூடாது என்பது அம்மம்மாவின் சட்டம். உள்ளே ஒன்பது உறுதிகள், ஒரு ஓலைச் சுருள், செல்லாத நோட்டுகள் சில. ஒன்பதில் ஆறு சீதன உறுதிகள். அம்மாவுடையது, அம்மம்மாவுடையது (1948), பூட்டியுடையது (1921), பூட்டியின் தாயாருடையது (1897) இந்த நான்கும் ஒரே காணியைப் பற்றியவை. இதைப் பார்த்த பிறகுதான் நான் எவ்வளவு மடைத்தனமாகத் தேடியிருக்கிறேன் என்று விளங்கியது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை 1706, 1707ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்த ஆளுநர் சீமொன்ஸின் உத்தரவில் கிளாஸ் ஈசாக்ஸ் என்பவர் தொகுத்து எழுதினார். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அதன் பழைய முறைப்படி தகப்பன்வழிப் பரம்பரைச் சொத்தான முதுசம் ஆண்மக்களுக்கு, தாயின் சீதனம் பெண்மக்களுக்குச் சீதனமாக. ஆகவே ஒரு துண்டு நிலம் தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று நேர்கோட்டில் இறங்கும். ஆண்களின் பெயர்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறும், காணியின் பெயர் மாறாது. அதற்கு மேல், ஒவ்வொரு உறுதியிலும் ‘இந்தக் காணி எங்களுக்கு எப்படி வந்தது’ என்று உரித்து வரலாறு எழுதியாகவேண்டும். முந்திய உறுதியின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றுபடுத்துகிறவர்) எல்லாம் அதில் இருக்கும். அதாவது ஒவ்வொரு உறுதியும் தன் தாயைக் கைகாட்டுகிறது. நான் ஆறு மாதம் தகப்பன்மாரைத் துரத்திக்கொண்டிருந்தேன், பெண்களின் வரிசை பிஸ்கட் தகரத்துக்குள் மடித்தபடி கிடந்திருக்கிறது.

இனி வேலை விபரம். டிரையர் விபத்துக்குப் பிறகு மரியாதையாகச் செய்த முறை இது.

முதலில் படம், பிறகுதான் தொடுவது. மடிப்பு மடிப்பாக, விரிகிற அளவுக்கு மட்டும் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் கைபேசியில் எடுத்தேன். ஃப்ளாஷ் வேண்டாம். முத்திரையும் கைநாட்டும் உள்ள இடங்களில் டோர்ச்சைக் கடதாசியின் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்தால், மேலிருந்து தெரியாத அழுத்தத் தடங்கள் நிழலாக எழும்பி வரும்.

அடுத்தது மை கரையுமா என்று பார்ப்பது. மூலையில் ஒரு எழுத்தை, ஈரப்படுத்திப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் ஒரு கணம் தொடவேண்டும். மண்ணிறமான பழைய இரும்பு மை அசையவில்லை. ரப்பர் முத்திரையின் ஊதா மை உடனே பஞ்சில் ஏறியது. ஊதா உள்ள உறுதிகளை அப்படியே விட்டுவிட்டேன், சுருக்கத்தோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

மற்றவற்றுக்கு ஈரப் பெட்டி. மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பொஞ்சுகள், அதற்கு மேல் கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டு, தட்டின் மேல் நுளம்பு வலைத் துண்டு, அதன் மேல் உறுதி. கடதாசியில் தண்ணீர் படக்கூடாது, காற்றின் ஈரம் மட்டும் போதும். மூன்று மணி நேரத்தில் நூறு வருட மடிப்பு தானாகத் தளர்ந்துவிடும். ஒரு தடவை ராத்திரி முழுக்க விட்டுப் பூஞ்சண வாசம் வந்து பயந்துபோனேன், ஆகவே பக்கத்திலேயே இருக்கவேண்டும். எடுத்து, ஒற்றுத்தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே கண்ணாடியும் அகராதிகளும் ஏற்றி இரண்டு நாள். கிழிந்த இடங்களுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவின் மாப்பொருளில் காய்ச்சிய பசையும். தண்ணீர் விட்டால் பிறகு கழற்றக்கூடியது என்பதுதான் அந்தப் பசையின் சிறப்பு. டேப் எவ்வளவு நல்ல கம்பனியுடையதாக இருந்தாலும் கிட்டவே கொண்டுவரவேண்டாம், இதை அனுபவத்தில் எழுதுகிறேன்.

மங்கிய எழுத்துக்கு ஒரு தந்திரம். படத்தைக் கணினியில் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, நீலத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பார்க்கவேண்டும். மண்ணிற மை நீல ஒளியை விழுங்குவதால் அதில் கறுத்துத் தெரியும். 1897 உறுதியில் கண்ணுக்கு வெறும் கறையாக இருந்த நாலு வரி அப்படித்தான் வாசிக்க வந்தது.

வாசிப்பது இன்னொரு சண்டை. புள்ளி வைக்கமாட்டார்கள், ரகரமும் காலும் ஒன்றுபோல, ‘லை’யும் ‘னை’யும் பழைய தும்பிக்கையோடு. திகதியில் ௵, ௴, ௳ என்று வருடம், மாதம், நாளுக்குக் குறிகள். பரப்பளவு ‘இலாச்சம்’ என்று இருக்கும், ஊரில் பரப்பு என்போம், 16 பரப்பு ஒரு ஏக்கர். அந்த நொத்தாரிசு 1897இலும் தமிழ் எண்ணைத்தான் விரும்பியிருக்கிறார். உரித்து வரலாற்றில் முந்திய உறுதியின் ஆண்டை நான் ௲௮௱௪௰௮ என்று வாசித்து 1848 என்று குறித்துக்கொண்டேன். பிறகு கணக்குப் பார்த்தால் இடித்தது. 1848இல் சீதனம் வாங்கிய பெண் அப்போது பதினெட்டு வயது என்று வைத்தாலும், 1878ஐ ஒட்டிப் பிறந்த மகளை அவர் நாற்பத்தெட்டு வயதில் பெற்றிருக்கவேண்டும். நீலப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த ௪க்குக் கீழே ஒரு சின்னச் சுழி இருப்பதுபோல ஒரு சந்தேகம். ௬ ஆக இருந்தால் 1868. மை பரவியிருந்ததால் சத்தியம் பண்ண முடியவில்லை, பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

ஓலைச் சுருள் ஒரு சாதகம். பனையோலையில் எழுத்தாணியால் கீறியது, மை தடவாவிட்டால் வெறும் கீறல். மாமி விளக்குக் கரியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து, ஓலையில் தேய்த்து, துணியால் துடைத்துத் தந்தார். மேற்பரப்புச் சுத்தமாகி, கீறலுக்குள் மட்டும் கரி நின்றது. பெண் சாதகம், சுபகிருது வருடம், வைகாசி. பெயர் இல்லை. சுபகிருது 60 ஆண்டுக்கு ஒருதரம் வரும். 1902 என்றால் அது பூட்டி. 1842 என்றால் பூட்டியின் அம்மம்மா, அந்த 1868 (அல்லது 1848) பெண்ணே ஆகலாம். சனியையும் வியாழனையும் வைத்துப் பிரிக்கலாம் என்று நினைத்தால், 60 ஆண்டுக் கணக்கே அவை இரண்டையும் வைத்துத்தான். சனி இரண்டு சுற்று, வியாழன் ஐந்து சுற்று முடித்துக் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். கை கொடுத்தது ராகு. அதற்கு ஒரு சுற்று ஏறத்தாழ 18.6 ஆண்டு, 60 ஆண்டில் மூன்று சுற்றும் மிச்சமும், ஆகவே கிட்டத்தட்ட மூன்று வீடு தள்ளி நிற்கும். 1902 வைகாசியில் ராகு துலாத்தில், 1842 வைகாசியில் மகரத்துக்கும் தனுவுக்கும் எல்லையில். ஓலையில் ராகு துலாம். பூட்டிதான். எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை கிடையாது, ஆனால் சாதகம் எழுதின ஐயரின் கணக்கில் இப்போது பெரிய மரியாதை இருக்கிறது.

எல்லாவற்றையும் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றினேன். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தகப்பன் பெயரைப் போட்டு, வகையைத் ‘தந்தைவழிப் பெயர்’ என்று தெரிவு செய்யலாம், அது வசதி. மச்சான் மச்சாள் கல்யாணமும் மாத்துக் கலியாணமும் (பெண் கொடுத்துப் பெண் எடுப்பது)தான் மென்பொருளின் கழுத்தைப் பிடித்தன. ஒரே ஆள் இரண்டு வழியில் பூட்டனாக வரும்போது மரம் மரமாக இல்லாமல் பாய் மாதிரிப் பின்னிக்கொள்கிறது. படம் வரைவதைக் கைவிட்டு, ஆளுக்கு ஒரு இலக்கம் கொடுத்துப் பெரிய தாளில் பென்சிலால் வரைந்தேன். அம்மாவுக்கும் அதுதான் விளங்கியது.

வாய்மொழிக்கு ஒரு குறிப்பு. ‘உங்கடை அம்மம்மாவின்ர பேர் என்ன?’ என்று கேட்டால் வயதானவர்கள் திணறிப்போவார்கள். ‘ஆற்றை செத்தவீட்டுக்கு நீங்கள் துடக்குக் காத்தனீங்கள்?’ என்று கேளுங்கள். பெரியம்மா மூச்சு விடாமல் பதினேழு பேரைச் சொன்னார். துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, யாருக்கு, எத்தனை நாள் என்பது உரித்து முறைப்படி போகிறது, அதில் ஒருவரும் பிழை விடமாட்டார்கள்.

ஆவணியில் தீவுக்குப் போனேன். சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை, குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம் படகு ஆடிய ஆட்டத்தில் காலைச் சாப்பாடு கடலுக்குப் போயிற்று. மாவிலித் துறையில் அம்மாவின் கடைசித் தம்பி, மாமா, மோட்டார் சைக்கிளோடு நின்றார். குடும்பத்தில் தீவுக்குத் திரும்பிப்போய் இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

மாமாவுக்கு ஒரு ஆசை. எங்கள் பக்கத்தில் நாலைந்து பேருக்குப் பூனைக்கண். பிரித்தானியர் காலத்தில் தீவில் குதிரை வளர்ப்பை நடத்தி, ராசா மாதிரி ஆண்டுகொண்டிருந்த லெப்டினன்ட் நோலனைப் பற்றித் தீவில் கதைகள் இன்னும் உண்டு, ‘நோலன் துரை’ என்றால் எல்லோருக்கும் தெரியும். பூனைக்கண் உள்ள எவரையும் அவருடைய கணக்கில் எழுதிவிடுவார்கள். ‘பிள்ளை, உன்ர கொம்பியூட்டரில நோலன் துரை வாறாரோ?’ என்பதுதான் மாமா முதலில் கேட்டது. வரவில்லை. உண்மையாகவே இருந்தாலும் அது 1800களின் முதற்பகுதி. ஏழு தலைமுறைக்கு மேல் எல்லோருக்கும் 128 இடங்கள், அதில் ஒரு இடம், ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மீதி 127 பேரில் ஒருவரையும் மாமா கேட்கவில்லை.

நெடுந்தீவில் நிலத்தைப் பார்க்க ஒரு வசதி உண்டு. வேலிகள் கிடுகிலோ கதியாலிலோ (நட்டு வளர்க்கும் கம்புகள்) இல்லை, கல்லில். பவளக்கல்லையும் சுண்ணாம்புக் கல்லையும் சாந்தில்லாமல் அடுக்கிய மார்பளவு மதில்கள் தீவு முழுக்கக் கட்டம் கட்டமாக ஓடுகின்றன, செய்மதிப் படத்திலேயே தெரியும். கதியால் வேலி வருடத்துக்கு ஒரு சாண் நகரும், வழக்குக்கும் போகும். கல்வேலி அப்படி இலகுவில் நகராது. கிழக்கு ஒழுங்கை, மேற்கு வளவு என்று உறுதியில் உள்ளதை வீட்டிலிருந்தே படத்தில் குறித்துக் கொண்டுபோயிருந்தேன். வெடியரசன் கோட்டை என்று சொல்லும் இடத்துக்குப் போகும் பக்கம், பனையும் ஈச்சம் பற்றையுமாக ஆறு பரப்பு. குதிரைகள் மூன்று நிழலுக்கு ஒதுங்கியிருந்தன, எங்களைப் பார்த்து விலகவும் இல்லை.

நான்கு பக்கத்தையும் அடியெடுத்து அளந்தோம். கிழக்கு, தெற்கு, மேற்கு சரி. வடக்கில்தான் விசித்திரம். மற்ற மூன்று மதிலும் அகலமாக, அடியில் பெரிய கல் வைத்து, பாசி ஏறிக் கறுத்துப்போயிருந்தன. வடக்கு மதில் மெல்லியது, கல் சின்னது, இரண்டு முனையிலும் பழைய மதிலோடு பின்னாமல் சும்மா வந்து முட்டி நின்றது. பிறகு இடையில் கட்டியது என்று பார்த்தாலே தெரிந்தது. அந்த மதில் ஒரு கிணற்றின் நட்டநடுவால் போனது. பாதிக் கிணறு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். 1921 உறுதியில் ‘கிணற்றில் அரைப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்’ என்று இருந்தது அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் உவராகக் கிடக்கும் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு யாருக்கும் முழுதாக விட்டுக்கொடுக்கிற சாமான் இல்லை.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். ‘ஆர் பிள்ளை அங்க, கயிறு பிடிச்சுக்கொண்டு?’

எண்பது தாண்டிய ஆச்சி. மாமாவைக் கண்டதும் சிரித்தார். மாமா அவரை ‘மாமி’ என்றார். ஆச்சியின் காலஞ்சென்ற கணவர் எங்கள் அப்பப்பா வழியில் ஏதோ தூரத்து உறவு, அந்த முறையில் பழகி வந்த சொல். தேத்தண்ணி குடித்தபடி விஷயத்தைச் சொன்னேன், டிரையர் கதையையும். ஆச்சி ஒன்றும் பேசாமல் எழும்பிப்போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அவருடைய உறுதி, அவர் தாயாருடையது 1930, அம்மம்மாவுடையது 1903. ‘எனக்குக் கண் தெரியாது, நீயே வாசி.’

1930 உறுதியில் தெற்கு எல்லை: என் பூட்டியின் பெயர், பூட்டனின் பெண்சாதி என்று. என் வடக்கு அவர்களுக்குத் தெற்கு, இது எனக்கு முன்னரே தோன்றியிருக்கவேண்டும். 1903 உறுதிக்காரியின் பெயர் முத்து என்று முடிந்தது. இந்த முறை முதலில் படம் எடுத்தேன், கை கொஞ்சம் நடுங்கியது. பிறகு உரித்து வரலாறு. காணிப் பெயர் அதுவே. முந்திய உறுதியின் இலக்கம் எங்கள் 1897 உறுதி காட்டிய அதே இலக்கம், அதே நொத்தாரிசு. ஆண்டு சாதாரண எண்ணில் தெளிவாக 1868. தாயின் பெயரும் ஒன்றே. ஒரு தாய், இரண்டு மகள்மார், ஒரு காணியை நடுவால் பிரித்து மூத்தவளுக்கு 1897இல் தெற்குப் பாதி, இளையவளுக்கு 1903இல் வடக்குப் பாதி. கிணறும் பாதி பாதி. அந்த மெல்லிய மதில் இரண்டு சகோதரிகளுக்கு நடுவில் எழும்பியது.

‘கிணத்தாலதான் கதை பேச்சு நிண்டது எண்டு அம்மா சொல்லுறவ,’ என்றார் ஆச்சி. ‘துலா ஆற்றை பக்கம் நிக்கிறது எண்டு சண்டை. ஆரோட எண்டு நான் கேக்கேல்லை.’

1868க்கு அப்பால் எங்கள் தகரத்திலும் ஒன்றும் இல்லை, ஆச்சியின் பெட்டியிலும் இல்லை. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில்தான் நடக்கவேண்டும் என்ற சட்டமே 1840இல்தான் வந்தது, அதற்கு முன் வாய்ச்சொல்லும் ஓலையும். ஒல்லாந்தர் காலத் தோம்புகள் என்ற காணிப் பதிவேடுகள் கொழும்பில் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன, அது அடுத்த வேலை. கந்தோரும் நொத்தாரிசும் ஒல்லாந்தச் சொல், தோம்பு போர்த்துக்கீசச் சொல், உறுதி வைத்திருந்த அலுமாரியும் அப்படியே. போர்த்துக்கீசர் இந்தத் தீவைப் பசுத்தீவு என்றார்கள். ஒல்லாந்தர் காரைநகரை ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவை மிடில்பர்க், அனலைதீவை ரொட்டர்டாம், நயினாதீவை ஹார்லெம் என்று தங்கள் ஊர்ப் பெயராலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். ஒட்டிக்கொண்டது எங்கள் நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும்தான்.

அன்று பின்னேரம் ஆச்சி வீட்டு விறாந்தையில் பெரிய தாளை விரித்துக் கோடு போட்டேன். அக்கா தங்கையின் மகள்மார் அக்கா தங்கை, அவர்களின் மகள்மாரும் அக்கா தங்கை. ஆகவே ஆச்சி என் அம்மம்மாவுக்குத் தங்கை முறை, எனக்கு அம்மம்மா, மாமாவுக்குச் சின்னம்மா. இதைச் சொன்னதும் மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துப் பக்கம் பார்க்கத் தொடங்கினார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. ஆச்சிதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் மாமாவுக்கு ஆச்சியின் மகளைப் பேசி, சாத்திரியார் சாதகம் பொருந்தவில்லை என்று சொன்னதால் விட்டுப்போயிருக்கிறது. மச்சாள் என்று நினைத்துப் பேசிய பெண், கோடு போட்டுப் பார்த்தால் தங்கச்சி.

‘அந்தச் சாத்திரியாருக்கு ஒரு தேங்காய் உடைக்கவேணும்,’ என்றார் ஆச்சி.

ஆச்சிக்கு இலக்கம் 214 கொடுத்து ஏற்றியிருக்கிறேன், அவருடைய மகளுக்கு 215. மாமா போன கிழமை போன் எடுத்தபோது கிணற்றைத் தூர் வார இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஆள் பிடித்திருப்பதாகச் சொன்னார். ‘மாமியும் பாதிக் காசு தாறாவாம்’ என்றார்.